நீலக் கூட்டுக்குள்ள ஒண்ணுமில்ல

இஸ்ரேல் பாலைவனத்துல எங்க ஊரு யெருஹாம்ல ஷிஃப்ராகிட்ட கை நீட்டாதவங்க யாரும் கிடையாது. கிளினிக்ல இருபது வருஷம் ரத்தம் எடுத்தவ. மேயரா இருந்தாலும் சரி, மீன் விக்கிற பித்தோனா இருந்தாலும் சரி, "சட்டையை மடக்கு, வாயை மூடு" அவ்வளவுதான். ஊசி உள்ள போனதும் தெரியாது, வெளிய வந்ததும் தெரியாது. என் கடைசிப் பையன் வேற யார் வந்தாலும் கிளினிக்கே இடிஞ்சு விழற மாதிரி கத்துவான். அவகிட்ட மட்டும் பூனை மாதிரி உக்காந்திருப்பான்.

எங்க பிளாக்ல ரெண்டாவது மாடி. என் கதவுக்கு எதிர்க்கதவு அவளோடது. நான் மொராக்கோக்காரி, ஆறு பிள்ளைங்க, எப்பவும் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அவ ருமேனியாக்காரி, தாஃப்னான்னு ஒரே பொண்ணு. புருஷன் ரூவேன், பேசினா காசு கேப்பாங்களோன்னு இருக்கிற ஆளு. அடையாள அட்டையில யூதச்சின்னு போட்டிருக்குமே, அதைத் தவிர ஷிஃப்ராகிட்ட வேற ஒண்ணும் கிடையாது. யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாளு, அன்னிக்கு ஊரே பட்டினி கிடக்கும், இவ வெங்காயம் போட்டு முட்டை பொரிப்பா. என் வீட்டுக்காரர் மக்லூஃப் ஜெப ஆலயத்துல நின்னு நின்னு காலு தள்ளாடி மாடிப்படி ஏறுவாரு, அந்த வாசனை மூக்குல ஏறும்.

"அடியே, வருஷத்துல ஒரு நாளு ஜன்னலைச் சாத்தினா செத்தா போயிடுவே?"ன்னு கத்துவேன்.

"எங்கப்பா ஊர்ல யூதங்களைக் கொன்ன குளிர்காலத்துல உங்க கடவுளுக்கு நிறைய வேலை இருந்துச்சு சுலிகா. அவரு வரல. அவருக்காக நான் எதுக்கு ஜன்னல் சாத்தணும்?"ன்னு கேப்பா.

ஒரு தட்டுல மிளகாய்ச் சட்னி கொண்டுபோய்க் கொடுத்துட்டு, "இந்தா, திங்கறதுதான் திங்கறே, ருசியாவாவது தின்னு"ன்னுட்டு வருவேன். இப்படித்தான் நாங்க பதினேழு வருஷம் இருந்தோம்.

தாஃப்னா பரீட்சைக்குப் படிக்க பக்கத்து ஊரு திமோனாவுல சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தா. சிநேகிதியோட அண்ணன் கார்ல திரும்ப வந்துக்கிட்டு இருந்தப்ப, வளைவுல ஒரு ஜல்லி லாரி. அந்தப் பையன் பிழைச்சான். இவ பிழைக்கல. அவ்வளவுதான், இதுக்கு மேல நான் சொல்லப் போறதில்ல.

ஏழு நாள் துக்கம் உக்காந்தாங்க. கதவைத் திறந்தே வெச்சோம். பருப்பும் வேகவெச்ச முட்டையும் எங்க வீட்ல இருந்துதான் போச்சு. ரூவேன் படிக்கட்டுல உக்காந்து சிகரெட் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஷிஃப்ரா துக்கத்துக்காகக் கிழிச்ச சட்டைக் கழுத்தோட, துக்கக்காரங்க உக்கார்ற குட்டை முக்காலியில உக்காந்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தா. மூணு நாளா ஒரு வார்த்தை பேசல. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையை ஆட்டுவா, அவ்வளவுதான்.

மூணாம் நாள் வீடு நிறையப் பொம்பளைங்க. அப்பதான் நான் வாயைத் திறந்தேன். வேற யாரும் இல்ல, நான்தான்.

"ஷிஃப்ரா, கண்ணு, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. வாசல்ல மாட்டியிருக்கியே மெசூசா, அதைக் கழட்டிப் பாரு. எழுத்து ஏதாவது அழிஞ்சிருக்கும். அதான் காவல் போயிடுச்சு."

நாலஞ்சு பேரு "ஆமா, ஆமா"ன்னாங்க. எங்க ஆளுங்களுக்கு இது பழக்கம். வீட்ல ஏதாவது ஆச்சுன்னா முதல்ல மெசூசாவைப் பாரும்பாங்க. மக்லூஃப் ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்து, வாசக்கால்ல இருந்து அதைக் கழட்டினாரு. நீலக் களிமண் கூடு, பூவெல்லாம் போட்டது. தாஃப்னா பொறந்த மாசம் இவங்க இந்த வீட்டுக்கு வந்தாங்க. அப்ப பெயர்ஷெபா சந்தையில ஷிஃப்ரா வாங்கினது. திரைச்சீலைக்குப் பொருத்தமா இருக்குன்னு வாங்கினதா அவளே சொல்லியிருக்கா.

மக்லூஃப் பின்னால இருந்த மூடியை நெம்பித் தட்டினாரு. ஒண்ணும் விழல. விரலை விட்டுப் பார்த்தாரு. உள்ள காலி.

வெறும் கூட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உள்ள சுருட்டி வெக்கிற தோல்தானே மெசூசா. அந்தத் தோல்ல எழுதியிருக்கிற வசனம்தானே எல்லாம். சந்தையில கூடு தனியா விப்பான், தோலை அதுல வசனம் எழுதறவன்கிட்டதான் வாங்கணும். எங்க வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியல. பதினேழு வருஷமா அந்தப் பொண்ணு காலிக் கூட்டுக்குக் கீழதான் போய்ட்டும் வந்துட்டும் இருந்திருக்கா.

ஷிஃப்ரா முக்காலியில இருந்து எழுந்து வந்து, அந்தக் கூட்டை வாங்கி உள்ள பார்த்தா. குழாய்ல ரத்தம் சரியா ஏறியிருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாளே, அப்படிப் பார்த்தா.

சொல்லவே வெக்கமா இருக்கு. எனக்கு அப்ப உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. காரணம் கிடைச்சிடுச்சு பாத்தீங்களா. காரணம் இருந்தா நம்ம வீட்டுக்குச் சாவு வராதுன்னு ஒரு தைரியம்.

அதுக்கப்புறம் அவ வேலைக்குப் போகல. ரூவேன் ஹைஃபாவுல அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம்னு போனாரு, வரவே இல்ல. எதிர்க்கதவு மூடியே கெடந்துச்சு. வாசக்கால்ல ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. சூப்பு கொண்டுபோய் வெச்சா, மறுநாள் சட்டி கழுவித் திரும்பி வரும். உள்ள இருக்கிறதைத் தின்னாளா, கொட்டினாளா, தெரியாது. எலும்பு தெரிய ஆரம்பிச்சுடுச்சு. "நான் கொன்னுட்டேன்"னு ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா ரெண்டு திட்டாவது திட்டியிருப்பேன்.

துக்கத்தோட முப்பதாம் நாள் முடிஞ்ச மறுநாள் ஷிஃப்ரா வெளிய வந்தா. ஒரு கையில ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில கிளினிக்ல ரத்தக் குழாய் அனுப்புவாங்களே அந்தத் தெர்மாகோல் டப்பா. கக்கத்துல தாஃப்னாவோட பள்ளிக்கூட நோட்டு. கீழ்வீட்டுல இருந்து ஆரம்பிச்சா. "உங்க மெசூசாவைக் கொடுங்க. பெயர்ஷெபாவுல எழுதறவர்கிட்டக் காட்டிட்டு ரெண்டு நாள்ல திருப்பித் தர்றேன்."

சும்மா பாத்துத் தர்றான்னா எங்க ஊர்ல யாரு வேணாம்பாங்க? ஒவ்வொரு தோலையும் சுருட்டி, குழாய்ல போட்டு, மேல பேரு ஒட்டி, பஸ்ஸுல கொண்டு போவா. திருப்பிக் கொடுக்கறப்ப ஒரே ஒரு கேள்விதான் கேப்பா.

"இந்த வீட்ல யாரு செத்தாங்க? எத்தனை வயசு?"

கடைத்தெருவுல பொம்பளைங்க சிரிச்சாங்க. "மறை கழண்டவ கையில ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தது யாருடி?"ன்னா பித்தோன் பொண்டாட்டி. அவ வீட்டு மெசூசாவுல நாலு எழுத்து மொத்தமா உதிர்ந்து போயிருந்துச்சு. பதினோரு பிள்ளைங்க, ஒண்ணுக்கும் சளிகூடப் பிடிச்சதில்ல. முனையில இருக்கிற விதவை பெர்லாவோடது நேத்து எழுதின மாதிரி இருந்துச்சு. அவளுக்கு ரெண்டு பையன், ரெண்டு பேரும் யுத்தத்துல செத்தவங்க. எல்லாத்தையும் ஷிஃப்ரா நோட்டுல எழுதினா.

அந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு ஜெப ஆலயத்துக் குரு, ரப்பி ஒஹயோன்கிட்டப் போனா. பொறந்ததுல இருந்து ஒரு ரப்பி வீட்டு வாசலை மிதிக்காதவ. "எனக்குக் காரணம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கா. அவரு நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "காரணம் எனக்குத் தெரியாதும்மா. யாரு உன்கிட்ட மெசூசாவைப் பாருன்னு சொன்னது?"ன்னாராம். துக்க வீட்டுல வெச்சுச் சொன்னாங்கன்னதும் மேசையை ஓங்கித் தட்டிட்டாராம். துக்கக்காரங்க வாயைத் திறக்கற வரைக்கும் வந்தவங்க வாயைத் திறக்கக்கூடாது. வந்து உக்காரணும், சும்மா இருக்கணும். அதான் எங்க வேதச் சட்டம். இப்படியும் ஒரு சட்டம் இருக்குன்னு அன்னிக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுச்சு. என்கிட்ட அவ எதுவும் சொல்லல. ரப்பி பொண்டாட்டிதான் சொன்னா. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல.

நாப்பத்தி மூணு வீடு முடிச்சுட்டுக் கடைசியா என் கதவைத் தட்டினா. நான் ரவை மாவுல குஸ்குஸ் உதிர்த்துக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் மாவு.

"உன்னோடதுதான் பாக்கி."

"என்னோடதுல குறை இருக்காது. ஜெருசலேம்ல எழுதினது. ஏழு வருஷத்துக்கு ரெண்டு தடவை காட்டறேன்"ன்னேன். வீம்புதான்.

ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டு வந்தா, அன்னிக்கும் என் முன்னால குஸ்குஸ் மாவுதான். "ஒரு புள்ளிகூடக் குறையில்ல"ன்னா. நோட்டைத் திறந்தா. "இந்த வீட்ல யாரு செத்தாங்க?"

"யாருமில்ல."

"சுலிகா, கிளினிக்ல உன் பழைய அட்டையை எத்தனை தடவை எடுத்திருப்பேன். உனக்கு ஆறு பிள்ளைங்க. அட்டையில ஏழு பிரசவம்."

நான் மாவைப் பிசைஞ்சேன். குஸ்குஸை யாராவது பிசைவாங்களா? கட்டி கட்டியாப் போச்சு.

"இருபத்தாறு நாள்"னேன். "நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. காலையில பாக்கறேன், தொட்டில்ல அப்படியே கெடக்கு. முப்பது நாளு ஆகலைன்னா துக்கம் உக்காரக் கிடையாது. ஆம்பளைங்க தூக்கிட்டுப் போனாங்க. எங்க வெச்சாங்கன்னு சொல்லல. கேக்கக்கூடாதுன்னுட்டாங்க. மறுநாள் மக்லூஃப் வேலைக்குப் போனாரு, நான் ரொட்டி சுட்டேன்."

"மெசூசா?"

"மாமியார் அன்னிக்கே கழட்டிக் காட்டினாங்க. சரியாத்தான் இருந்துச்சு. அப்ப நீ பண்ணின ஏதோ பாவம்தான்னாங்க. பத்தொன்பது வருஷமாத் தேடறேன் ஷிஃப்ரா. என்ன பண்ணேன்னு தெரியல. உன் கூடு காலியா இருந்ததைப் பாத்ததும்…"

அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன்.

அவ நோட்டை மூடினா. எதிர்க்கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனா. சரி, போயிட்டான்னு நினைச்சேன். அந்தக் குட்டை முக்காலியைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்தா. என் வாசக்கதவை விரியத் திறந்து வெச்சா. முக்காலியை என் பக்கம் தள்ளிட்டு, அவ தரையில உக்காந்தா.

"என்னடி இது? எந்திரி. பிள்ளைங்க வர்ற நேரம். சட்டப்படி இதுக்குக் கிடையாதுன்னு சொன்னேனே."

வாயே திறக்கல. சுவரைப் பார்த்து உக்காந்திருந்தா. அடுப்புல சட்டி கொதிச்சு வழிஞ்சுச்சு, அணைச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியல. காலு வலிச்சதும் முக்காலியில உக்காந்தேன். அப்புறம் என் வாய் தானா, "ஹனானியா"ன்னு சொல்லிச்சு. பத்தொன்பது வருஷம் கழிச்சு என் வீட்டுக்குள்ள அந்தப் பேரு.

மக்லூஃப் வேலை முடிஞ்சு வந்தாரு. திறந்த கதவு, தரையில ஒருத்தி, முக்காலியில நான். யாரு செத்ததுன்னு கேக்கல. செருப்பைக் கழட்டிட்டு அவரும் தரையில உக்காந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "வலது காதுல ஒரு மச்சம்"ன்னாரு. அப்புறம், "கல்லறைத் தோட்டத்துல மூணாவது வரிசை, வேலியோரம். நான் ஒரு கல்லு வெச்சிருக்கேன். வருஷா வருஷம் போறேன்"ன்னாரு.

அந்த மனுஷனை அன்னிக்குக் கொன்னிருப்பேன். ஆனா மறுநாள் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு மூணாவது வரிசைக்குப் போனேன். ஷிஃப்ராவும் வந்தா. அங்க இருந்து தாஃப்னாகிட்ட நடந்தே போயிடலாம்.

மறு வாரம் அவ வேலைக்குத் திரும்பினா. அதுல இருந்து இன்னி வரைக்கும், ஊர்ல எந்த வீட்ல துக்கம்னாலும் முதல் ஆளா போய்க் கதவோரம் உக்காந்துடுவா. யாராவது "ஏதோ பாவம் இருந்திருக்கும்"னு ஆரம்பிச்சா, மணிக்கட்டைப் பிடிப்பா. ரத்தம் எடுக்கிற பிடி, உதற முடியாது. அப்படியே வெளிய கூட்டிட்டுப் போயிடுவா. பித்தோன் பொண்டாட்டி ரெண்டு தடவை வெளிய போயிருக்கா. சாயங்காலமானா ரப்பி ஒஹயோன்கிட்டச் சட்டம் படிக்கறா. அவரோட சண்டை போட்டுக்கிட்டேதான் படிக்கறா, தெருவுக்கே கேக்கும். குறை மாசக் குழந்தைன்னாலும், இருபத்தாறு நாளுன்னாலும் போய் உக்காருவா. "சட்டம் அவங்களை உக்காரச் சொல்லல. என்னை உக்காரக்கூடாதுன்னும் சொல்லலையே"ன்னு அவரையே மடக்கிட்டாளாம். யோம் கிப்பூருக்கு முட்டை வாசனை வர்றதில்ல. "சாப்பிடறியா இல்லையா?"ன்னு கேட்டேன். "வாசனை வரல இல்ல? அதோட விடு"ன்னா.

ரெண்டாவது வருஷம் அந்த நீலக் கூட்டுக்குள்ள தோலை வெச்சு, மக்லூஃபைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னா. "காவலுக்கா?"ன்னு கேட்டேன்.

"காவலுக்குன்னா நாய் வளர்ப்பேன். இது யாரு வீடுன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. எழுதி மாட்டறேன்."

அவ மேல தப்பில்லைன்னு நம்பறாளா? தெரியல. வீட்டுக்குள்ள நுழையறப்ப நாங்கெல்லாம் மெசூசாவைத் தொட்டு முத்தம் கொடுப்போம், அவ அந்தக் கூட்டைத் தொட மாட்டா. ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போவா.

எங்க வழக்கம், யோம் கிப்பூருக்கு முந்தின நாள் யாருக்குக் கெடுதல் பண்ணோமோ அவங்ககிட்டப் போய் நேராக் கேக்கணும். நான் போனேன். "மன்னிச்சுடு ஷிஃப்ரா."

"முடியல"ன்னா. காபி போட்டுக் கொடுத்தா.

அடுத்த வருஷமும் கேட்டேன். "இன்னும் முடியல." அப்பவும் காபி.

மூணாவது வருஷம் கதவைத் தட்டப் போறேன், அவளே திறந்துட்டா. "சுலிகா, கேக்காதே. படிச்சுட்டேன். மூணு தடவை கேட்டும் மன்னிக்கலைன்னா பாவம் என் மேல வந்துடும். பொய்யா மன்னிக்கவும் எனக்கு வராது. நீ கேக்காம இரு. நான் சொல்றப்ப கேளு."

அதுல இருந்து பதினாலு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் அந்தச் சாயங்காலம் அவ கதவைத் தட்டுவேன். உள்ள போவேன். காபி குடிப்பேன். அவ வாயைத் திறக்கற வரைக்கும் நான் திறக்கறதில்ல.