கெபியின் கண்ணாடியும் அவள் மணிக்கட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், மாதாவுக்குக் குகை மாதிரிக் கட்டியிருக்கும் கெபி முன்னால் ஒரே கூச்சல். உள்ளே இருக்கும் சொரூபத்துக்கு முன்னால் போட்டிருந்த கண்ணாடியை யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். அந்த நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. கண்ணாடிக்காக இல்லை.

முந்தின புதன்கிழமையிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும். அதற்குத் தலைவி நான். அந்த வாரம், என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண் வீட்டில் முறை. நம் உடம்பு கடவுள் குடியிருக்கும் வீடு, அதை மதிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செபம் முடிந்ததும் அவள் சுண்டல் கொடுத்தாள், இடது கையால். எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, செபம் நடந்த வீட்ல இடது கையாலயா குடுப்பாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் அதே கையால் மற்றவர்களுக்கும் கொடுத்து முடித்தாள். கூட்டம் கலைந்த பிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு முந்தானையை விலக்கினாள். வலது மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது.

"அவருதான் முறுக்குனாருக்கா. சாமி குடியிருக்காருன்னு சொன்னீங்கள்ல, எனக்குள்ளயுமா இருக்காரு?"

"ஆமாம்மா" என்றேன். அதோடு விட்டேனா? "கொஞ்சம் பொறுத்துக்க, செபம் பண்ணு, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி, தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். சே! முக்கால் மணி நேரம் பேசின பேச்சு, அந்த அடுப்படி வரைக்கும்கூட வரவில்லை.

ஞாயிறன்று கெபி முன்னால் கத்தியவர்களில் பெரிய குரல் அவள் புருஷனுடையது. கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் அவரும் ஒரு ஆள். "ஏலே, சாமி இருக்கிற எடத்துல கை வச்சிருக்கான்! எவன்னு மட்டும் தெரியட்டும், கைய முறிச்சிர்றேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். சுற்றி நின்ற ஆம்பளைகள் ஆமாம் போட்டார்கள். அவள் ஓரமாக, முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எங்கிருந்து அம்புட்டுக் கோபம் வந்ததோ தெரியாது.

"ஏற்கெனவே ஒரு கைய முறிச்சுட்டுத்தான வந்து நிக்கிறீங்க? கண்ணாடிக்கு இம்புட்டு ரோசம் வருதே, உங்க பொண்டாட்டிக்குள்ள சாமி இல்லையா?"

"குடும்ப விசயத்தக் கோயில் வாசல்ல பேசாதம்மா" என்றார் ஒரு பெரியவர். நல்ல நியாயம்! கண்ணாடி உடைந்தால் ஊரே கூடும், பெண்ணுக்குக் கை உடைந்தால் அது குடும்ப விஷயமாம்.

அவளிடம் போய், "ஆஸ்பத்திரிக்கு வாரியா?" என்று கேட்டேன். புருஷன் முறைத்தார். அவள் முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். பிறகு, "வாரேன்க்கா" என்று என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எலும்பு முறிந்திருந்தது. "நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து எரியோட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், அந்த ஆளிடம் திரும்பவே இல்லை. கெபிக்கு ஒரே வாரத்தில் புதுக் கண்ணாடி மாட்டி, முன்னால் இரும்புக் கம்பியும் அடித்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு இப்போதும் வருவாள். வந்தால் என் பக்கத்தில்தான் உட்காருவாள். சிலுவை போடும்போது அந்த மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. முறித்தவர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கடவுளின் வீடு உடைந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தும், நாலு நாள் அப்படியே போட்டுவைத்தவள் நான்தான் என்பது, அவள் கை நெற்றிக்குப் போகும்போதெல்லாம் என்னைச் சுடுகிறது.