தேருக்கு முன்னால் ஒரு கசிப்புக் கார்

போர் முடிந்த அடுத்த வருடம் நான் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து எட்டு வருடமாக அதே தொட்டி, அதே குழாய். ஊரில் நான் கார் மெக்கானிக். இங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடையின் சாமான் ஏற்றும் வான் புறநகரான பொண்டியில் நின்றுபோனது. பக்கத்துக் கராஜில் விட்டிருக்கிறார்கள், போய் எடுத்து வா என்று முதலாளி என்னை அனுப்பினார். நான் போனபோது வானை ஒருவரும் கவனிக்கவில்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு கறுப்புக் காருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வட்ட வட்டமான உடம்பு, இரண்டே கதவு, மூக்கின் நடுவில் தோட்டா மாதிரி ஒரு வெள்ளி உருண்டை. ஐம்பதாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த கார் என்று பிறகு அறிந்தேன். அவர் திறப்பைத் திருகத் திருக, என்ஜின் இருமி இருமி அடங்கியது. பற்றரியும் இளைத்துக்கொண்டு வந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் ஊரில் போர்க்காலத்தில் ஐந்தாறு வருடம் பெற்றோலுக்குத் தடை இருந்தது. அந்தக் காலம் முழுவதும் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெயில் என்ஜின் தானாகப் பற்றாது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு முதலில் உயிர் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது கார்களுக்கு நான் அப்படிச் செய்திருக்கிறேன்.

"முசியே, ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் தருவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையில் சாம்பார்க் கறை. என்ன நினைத்தாரோ, தந்தார். காற்றுவடியைக் கழற்றினேன், சொட்டினேன், திருகச் சொன்னேன். எட்டுச் சிலிண்டரும் ஒன்றாக உறுமின. கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் காருக்குள் இருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

"எங்கே படித்தீர்?"

"பெற்றோல் இல்லாத ஊரில்," என்றேன்.

மூன்று கிழமை கழித்து அந்தக் கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, அவன் வெள்ளைக்காரன். மூண்டு மாசத்திலை அலுத்துப்போய் உம்மை அனுப்பிப்போடுவான். பிறகு இஞ்சைதான் வரவேணும், சொல்லிப்போட்டன்," என்றார். என் மனைவி பக்கத்திலேயே ஒரு நகைக்கடையில் விற்பனை வேலை செய்பவள். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும், "போங்கோப்பா. மூண்டு மாசமெண்டாலும் நீங்கள் ஆசைப்பட்ட வேலை," என்றாள்.

பத்ரோன், அதாவது என் புதிய முதலாளி, பழைய கார்களைச் சினிமாப் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விடுபவர். அவரிடம் இருந்த எல்லாக் கார்களிலும் அந்தக் கறுப்புக் கார்தான் அவருக்கு உயிர். ஏன் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் காட்டினார். அலுவலகத்தில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டார். கறுப்பு வெள்ளை. மலைக்குள் ஒளித்து வடித்த கள்ளச்சாராயத்தை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு, பொலிசுக்கும் போட்டிக்காரருக்கும் தண்ணி காட்டி நகரத்துக்குக் கடத்துகிறான். பேச்சு ஆங்கிலம், எழுத்து பிரெஞ்சு. இரண்டிலும் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் கார் பேசியது முழுக்க விளங்கியது.

முன்பாதியில் வருவது எங்கள் கறுப்புக் காரின் கூடப்பிறந்தது. பின்பாதியில் அவன் ஐம்பத்தேழாம் ஆண்டுக் கார் ஒன்றுக்கு மாறுகிறான், நீளமானது, வாலில் சிறகு வைத்தது. பத்ரோன் ஒவ்வோர் இடத்திலும் படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். பின் ஆசனத்தின் இடத்தில் சாராயத் தாங்கி. அந்தப் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் பொலிஸ் கண்டுபிடித்துவிடும் என்பதால் பின் வில்லுகளை, அதாவது ஸ்பிரிங்குகளை, கட்டியாக்கியிருப்பார்கள். தாங்கி நிறைந்திருக்கும்போது கார் சமமாக நிற்கும். வெறுமையாக வந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, தலைகுனிந்த மாடு மாதிரி ஓடும்.

"இந்தச் சாராயத்துக்கு உமது மொழியில் என்ன பெயர்?"

"கசிப்பு."

"கசிப்பூ," என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் காருக்குக் கராஜில் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கசிப்பைச் சைக்கிள் ரியூப்புக்குள் நிறைத்து உடம்பில் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று நான் சொன்னபோது, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இரண்டு வருடம் அந்தக் காரில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். படத்தில் உள்ளபடியே பின் வில்லுகளை மாற்றினோம். பின் ஆசனத்தைக் கழற்றி, இருநூறு லீற்றர் தாங்கி ஒன்றைப் பொருத்தினோம். பிறகு ஒரு கோடையில் அவர் எதிர்பார்த்திருந்த அழைப்பு வந்தது. கார் து நோர் என்ற ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு சிறிய சினிமாவில் அதே படத்தைப் பெரிய திரையில் போடப்போகிறார்கள். ஞாயிறு மத்தியானம் கார் வாசலில் நிற்க வேண்டும். பார லொறியில் ஏற்றி வாருங்கள் என்று சினிமா மேலாளர் சொன்னார். பத்ரோனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கசிப்புக் கார் லொறியில் போவதா? சொந்தக் காலில் வரும். படத்தில் மாதிரியே, நிறைந்த தாங்கியோடு வரும்."

அந்தக் கிழமையே ஏணியால் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். ஆகவே ஓட்ட வேண்டியவன் நான்.

அந்த ஞாயிறுதான், நாங்கள் போகும் வழியில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் பிள்ளையார் தேர். எனக்கு அது தெரியாமல் இல்லை. தேர் பதினொரு மணிக்குத்தான் வெளிக்கிடும், நாங்கள் ஒன்பதரைக்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுவோம் என்று நான்தான் கணக்குப் போட்டேன். தாங்கியில் தண்ணீர் நிறைத்து, எட்டரைக்குப் பொண்டியை விட்டோம். ஓகஸ்ட் மாத வெயில் அப்போதே தார் ரோட்டில் ஏறியிருந்தது. வழியில் பந்தான் என்ற இடத்தில் ரோட்டு வேலை நடந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். வெப்பமானி முள் மேலே மேலே போனது. மேம்பால மெத்ரோவுக்குக் கீழே வந்துசேர்ந்தபோது பத்தே முக்கால். ரோட்டை மறித்துத் தடுப்பு வைத்துவிட்டார்கள்.

தடுப்படியில் நின்ற பொலிஸ்காரர் காரைப் பார்த்ததும் கண்ணை விரித்தார். பத்ரோன் முறிந்த கையைத் தூக்கிக் காட்டி, சினிமாக் கதையைச் சொன்னார். பொலிஸ்காரர் தாங்கியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே என்ன?" என்றார். தண்ணீர் என்றேன். நம்பவில்லை. குழாயைத் திறந்து விரலில் தொட்டு முகர்ந்தார். தண்ணீர்தான் என்று கண்டதும் சிரித்து, தடுப்பை விலக்கி, "ஒரே ஓட்டமாகக் குறுக்கே போய்விடுங்கள்," என்றார்.

குறுக்கே போனேன். ஃபுபூர் சன் தெனித் தெருவின் நட்டநடுவில் என்ஜின் இரண்டு தரம் விக்கியது. நின்றது.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தேங்காய்க் குவியல். குவியல்களின் உச்சியில் கற்பூரம் எரிகிறது. எங்கும் சனம். தூரத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. தேர் வரும் வழியை அடைத்துக்கொண்டு நான் ஒரு கசிப்புக் காரில் இருக்கிறேன். முதுகு நனைந்துவிட்டது.

மார்பில் அட்டை தொங்கவிட்ட ஒரு தொண்டர் ஓடி வந்தார். "அண்ணை, என்ன அண்ணை இது! தேர் வெளிக்கிட்டுட்டுது. எடுங்கோ, எடுங்கோ!"

தண்ணீர்ப் பந்தலில் சர்பத் ஊற்றிக்கொண்டு நின்ற என் மனைவியும் கண்டுவிட்டாள். அகப்பையும் கையுமாக வந்தாள். "ஐயோ, நடுறோட்டிலை கொண்டந்து விட்டிருக்கிறியள்! ஊர்ச் சனம் முழுக்கப் பாக்குதப்பா."

அவளுக்குப் பின்னால் என் பழைய முதலாளி, பட்டு வேட்டியும் தோளில் சால்வையுமாக. காருக்குள் எட்டிப் பார்த்தார். "தாங்கியும் வைச்சிருக்கிறீர். என்ன தம்பி, கசிப்போ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தள்ளலாம் என்றார் தொண்டர். எங்கே தள்ளுவது? முன்னால் தேங்காய் உடைக்கும் கூட்டம், பின்னால் பெண்கள் கற்பூரச் சட்டிகளோடு. பத்ரோன் நல்ல கையால் என்ஜின் மூடியைக் காட்டினார். என் முகத்தையே பார்த்தார்.

நான் மூடியைத் திறந்தேன். வெந்த இரும்பின் மணம். பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் பம் இந்த வகை என்ஜினில் தலைமேல், பின்பக்கம் இருக்கும். கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. குழாய்க்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகிவிட்டது. பம் ஆவியை இழுக்கிறது, பெற்றோல் வரவில்லை. நோய் தெரிந்துவிட்டது. ஊரில் செய்ததுபோல் சொட்டு விட்டால் உடனே பற்றும். போத்தலும் கதவுப் பையில் இருந்தது. ஆனால் பத்தடி தள்ளிக் கற்பூரம். இத்தனை சனத்துக்கு நடுவில் திறந்த பெற்றோலை நான் தொடமாட்டேன்.

தொண்டரிடம் சொன்னேன்: "தம்பி, பத்து நிமிசம் தாரும். முதல் கிட்டக் கிடக்கிற கற்பூரம் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லும்." மனைவியிடம் சொன்னேன்: "ஐஸ் வேணும். எவ்வளவு கிடக்கோ அவ்வளவும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி ஓடினாள். சர்பத் வாளியிலிருந்த ஐஸ் முழுவதையும் அப்படியே தூக்கி வந்தாள். பந்தல்காரர் கத்தியது எனக்கே கேட்டது. சுற்ற ஒரு துணி வேண்டும் என்று நான் அங்குமிங்கும் பார்த்தபோது, பழைய முதலாளி தோளிலிருந்த சால்வையை உருவி நீட்டினார். சரிகைக் கரை.

"பழுதாப் போயிடும் அண்ணை," என்றேன்.

"பிள்ளையாருக்குத்தானே. பிடியும்."

பம்மைச் சுற்றி ஐஸ் கட்டினேன். குழாய் வழியே ஈரத் துணி போட்டேன். புஸ் என்று ஆவி எழுந்தது. ஐஸ் கரையக் கரைய மனைவி புதிது கொடுத்தாள். முதலாளி கடைக்கு ஆள் அனுப்பி, குளிர்ப்பெட்டியிலிருந்த ஐஸ் பைகளையும் எடுப்பித்தார். நாதஸ்வரம் கிட்ட வந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் தேர்முடி தெரிந்தது. ஆறு நிமிடம் நான் என்ஜினைத் தொடவில்லை. பொறுக்காமல் திருகினால் பற்றரி போய்விடும். அந்த ஆறு நிமிடமும் என் வாழ்க்கையில் நீளமானவை.

ஏறி இருந்தேன். முதல் திருகல், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு இருமல். தொண்டர் தலையில் கை வைத்தார். மூன்றாவதில் ஒரு சிலிண்டர் பிடித்தது, பிறகு இரண்டு, பிறகு எட்டும். அந்தத் தெரு அப்படியொரு உறுமலைக் கேட்டிருக்காது.

"அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு தெருவே கத்தியது. தேருக்கு வைத்திருந்த அரோகரா கொஞ்சம் எனக்கும் கிடைத்தது. சனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. முதலாளி காரின் கூரையில் தட்டி, "போம் தம்பி, போம்!" என்றார். பக்கத்தில் இருந்த பத்ரோன் நல்ல கையை வெளியே நீட்டி, ராசா மாதிரி அசைத்துக்கொண்டே வந்தார். அடுத்த சந்தில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்துக்குத் தேர் வந்து கொண்டிருந்தது, ஒரு நிமிடமும் தாமதமில்லாமல்.

பதினொன்றே முக்காலுக்குச் சினிமா வாசலில் நின்றோம், சொந்தக் காலில், நிறைந்த தாங்கியோடு, சமமாக. மத்தியானக் காட்சிக்கு வரிசையில் நின்ற சனம் கைதட்டியது. மேலாளர் பத்ரோனின் கையைப் பிடிக்க வந்தார். அவர் மேலாளரை என் பக்கம் திருப்பிவிட்டார்.

மூன்று மணிக்குப் படம் தொடங்குமுன் இருவரையும் மேடையில் ஏற்றினார்கள். பத்ரோன் காரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். நூறு பேர் இருந்த மண்டபம். என்னுடைய பிரெஞ்சு, கோப்பை கழுவும் இடத்தில் படித்த பிரெஞ்சு. அதிலேயே சொன்னேன்: எங்கள் ஊரில் பெற்றோல் இல்லாமல் கார் ஓட்டினோம், மண்ணெண்ணெயில். பெற்றோல் இருந்தும் நடுத்தெருவில் நின்றுபோன காரை இன்று காலைதான் முதல் தடவை கண்டேன். அதை ஓடவைத்தது பிள்ளையாரின் சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸ்.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. முன்வரிசையில், தேர் முடிந்து நேரே வந்திருந்த மனைவி, நெற்றியில் திருநீற்றோடு கைதட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்ததும் திரையில் எங்கள் கார் மலைப்பாதையில் பாய்ந்தது. வளைவுகளில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதைப்போலைதானே எங்கடையும் ஓடும்?" என்று காதுக்குள் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

செப்டெம்பரில் பத்ரோன் வேலை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதினார், தலைமை மெக்கானிக் என்று. சால்வையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பழைய முதலாளி வாங்கவில்லை. எண்ணெய்க் கறையோடு அதை உதறி வாடிக்கையாளருக்குக் காட்டி, தேரன்று நடந்ததைத் தன் பங்கு கொஞ்சம் கூட்டிச் சொன்னார். பிறகு, "கடை வான் திரும்பவும் இழுக்குது தம்பி, ஒருக்காப் பாருமன்," என்றார்.

படத்தின் பின்பாதியில் வரும் ஐம்பத்தேழாம் ஆண்டுக் கார் நோர்மண்டியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடப்பதாக இரண்டு வருடம் கழித்துத் தகவல் வந்தது. பதினைந்து வருடமாக ஓடாதது, பத்ரோன் உடனே வாங்கிவிட்டார். கூரையில் கோழி எச்சம். நான்கு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே போயிருந்து வேலை செய்தேன். ஐந்தாவது ஞாயிறு மனைவியை முன்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு கராஜுக்கு வெளிக்கிட்டேன். பத்ரோன் தன் வானில் பின்னால் வந்தார், நடுவழியில் நின்றால் இழுக்க ஒரு கயிற்றையும் வைத்துக்கொண்டு.

நூற்றைம்பது கிலோமீற்றர். எங்கேயும் நிற்கவில்லை. ஒரு நீண்ட இறக்கத்தில் வேகமானியின் முள் எழுபது மைலைத் தொட்டது. மனைவி கண்ணாடியை இறக்கி, காற்றில் தலைமயிர் பறக்க, "இன்னும் விடுங்கோப்பா!" என்றாள். விட்டேன்.