சீனி மாளிகை சாய்ந்த சீசன்

குழல்வாய்மொழி செய்த கேக்குகள் குற்றாலத்துப் பங்களாக்களுக்கெல்லாம் போயின. அவள் போனதில்லை. தென்காசியில் வாக்கப்பட்டு ஒன்பது வருஷம். மூணு மைல் தள்ளி விழுகிற அருவியை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்யாணமான மறுவாரம், வில்வண்டித் திரைக்குள்ளிருந்து.

அவள் புருஷன் வல்லிநாயகத்துக்கு வடகரைப் பக்கம் நஞ்சை உண்டு. குற்றால சீசனுக்கு வருகிற ஆபீசர்களோடு பழகுவதில் அவருக்கு ஒரு கிறுக்கு. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில் அவள் கேக் படித்திருந்தது வசதியாகப் போயிற்று. பெண்டாட்டி வாசல் தாண்டக் கூடாது, கேக் தாண்டலாம். சைவ வீட்டுக்குள் முட்டை நுழைய முடியாது என்பதால், மாட்டுத் தொழுவத்து ஓரத்தில் அவளுக்குத் தனி அடுப்பு. பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி சுவருக்கு மேலே எக்கி முட்டைக் கூடையைக் கொடுப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று ஆடியில், சீசனுக்கு வந்திருந்த இன்ஜினியர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். கதையில் வருகிற ராஜகுமாரி வேணும் என்று அடம். கதையில் அந்த ராஜகுமாரியை அடைத்துவைத்திருந்த ஒற்றைத் தூண் மாளிகையைச் செய்வதென்று குழல்வாய்மொழி முடிவு பண்ணினாள். மூணு நாள் வேலை. மணல் பரப்பிய சட்டிக்குள் கேக் வெந்தது, மேல்மூடியில் கங்கு. வட்டம் வட்டமாக வெட்டி, ஜாம் தடவி, நடுவில் மூங்கில் குச்சி சொருகித் தூண் நிறுத்தினாள். சீனியை இடித்து, மல்துணியில் சலித்து, முட்டை வெள்ளையும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைந்து, மேலே பூசினாள். கொண்டை ஊசியால் ஜன்னல் கீறினாள். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு ராஜகுமாரி. பீட்ரூட் சாற்றில் சேலை, காப்பி டிக்காஷனில் தலைமுடி.

ஜாஹிரா பீவி எட்டிப் பார்த்தாள். "ஏ புள்ள, படி வைக்கலியே. அவ எப்படி எறங்குவா?"

"கதையில படி கெடையாதுக்கா."

காலையில் பிளஷர் கார் வந்து கேக்கைக் கொண்டுபோயிற்று. மத்தியானம் அதே கார் திரும்பி வந்தது. வல்லிநாயகம் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"ஏட்டி, சேலைய மாத்து. சாரல் காத்துல சீனி கசிஞ்சு தூணு சாயுது. நீயே வந்து ஒட்டு."

அவள் சந்தோஷத்தை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பங்களாவில் மாளிகை ஒருபக்கமாகச் சரிந்து வேர்த்துக்கொண்டிருந்தது. அறைக் கதவைச் சாத்தி, கங்குச்சட்டி வைக்கச் சொல்லி, ஈரத்தை வாங்கினாள். புதுச் சீனி பிசைந்து தூணை நிமிர்த்தினாள். வல்லிநாயகம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் மனைவி இராமலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாளா உங்களைக் கண்ணிலயே காட்டலையே! சாயங்காலம் எங்களோட அருவிக்கு வாங்க."

"அவளுக்குத் தண்ணி ஒத்துக்காதும்மா," என்றார் வல்லிநாயகம்.

திரும்பும்போது காருக்குள் அருவி இரைச்சல் கேட்டது. "ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லுங்களேன். எறங்க மாட்டேன்."

"ஊரே ஈரத்துணியோட நிக்குது. அங்கன ஒனக்கு என்ன சோலி?"

கார் நிற்கவில்லை.

மறுவருஷமும் அதே குடும்பம் வந்தது, அதே மாளிகையைக் கேட்டது. இந்தத் தடவை அவள் தூணை ஒல்லியாக வைத்தாள். எலுமிச்சைச் சாற்றைக் கூடுதலாக விட்டுச் சீனியை இளக்கமாகப் பிசைந்தாள். வெயிலில் வைத்துக் காயவிடவும் இல்லை. தெரிந்தே அவள் செய்த முதல் தப்பு அதுதான். கேக்கை முடித்த கையோடு தலைவாரி, பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு காருக்குக் காத்திருந்தாள். கேக் போகும், சாயும், தன்னைக் கூப்பிட வருவார்கள். அருவிக்குக் கூட்டிப்போகும்படி இராமலட்சுமியிடம் தானே வாய்விட்டுக் கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

கார் வந்தது. அதிலிருந்து இராமலட்சுமியும் குழந்தையும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"கேக் வெட்டு இங்கனதான்," என்றார் வல்லிநாயகம். "போன வருஷம் மாதிரி அலைய வேண்டாம்லா?"

ஆபீசர் வீட்டாருக்காக முட்டைத் தடையையும் தளர்த்தி, கூடத்தில் காலையிலேயே கங்குச்சட்டி வைத்திருந்தார். தூண் கடைசிவரை நேராக நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். குழல்வாய்மொழி ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். இராமலட்சுமி அருகில் வந்தாள்.

"அருவிக்கு அனுப்புங்கன்னு கேட்டுப் பார்த்தேன். சிரிச்சுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டார்."

"பரவால்லம்மா. ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க."

அன்றைக்கு வல்லிநாயகத்துக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அடுத்த வாரமே கொத்தனாரை வரவழைத்துச் செங்கல் அடுப்பு ஒன்று கட்டித் தந்தார். நல்ல அடுப்புதான், சூடு சீராக நிற்கும். அறுபத்தொன்பது வரைக்கும் ஆபீசர் குடும்பங்கள் அந்தக் கூடத்துக்கு வந்து கேக் வெட்டின. அவள் வட்டமாகச் செய்தாள், சதுரமாகச் செய்தாள், மேலே பூவும் இலையும் வைத்தாள். மாளிகை கேட்டால் மட்டும், "கை இப்ப வரமாட்டேங்குது" என்றாள். அவரும் அதை நம்பினார்.