தட்டிப் பார்த்த கல்வெட்டு

செராமிக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. வாசல் சுவரில் பதித்திருக்கும் பளிங்குக் கல்வெட்டு, செத்துப்போன பழைய முதலாளியை ‘தொழிலாளர்களின் தந்தை’ என்கிறது. படித்ததும் சூளைப் புகை தொண்டையில் கரித்தது.

சூளை பிரிக்கும் நாளில் ஸ்கூல் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். அங்கே வேலை பார்த்த அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, வெந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுப்பாள். கணீரென்றால் வரிசையில் வைப்பாள், டொக்கென்றால் உள்ளே விரிசல், அங்கேயே அடித்து உடைத்துவிடுவாள். ஜங்ஷனில் ரயில் கூவினால் மட்டும், அந்தச் சத்தத்தில் விரிசல் ஒளிந்துகொள்ளும் என்று கையை நிறுத்திக் காத்திருப்பாள். சரக்கேற்ற லாரி வந்து நின்ற ஒருநாள் பாதிச் சூளை டொக்கென்றது.

"ஜாடியில ஒண்ணுமில்லடி, ஒன் கையிலதான் கோளாறு" என்ற முதலாளி, ஒரு ஜாடியைத் தூக்கி, தரையில் ஊன்றியிருந்த அவள் வலக்கை மேல் ஓங்கி இறக்கினார். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. ஜாடி உடையவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அம்மா அதை இடக்கையால் தட்டிப் பார்த்தாள்.

"இது நல்ல ஜாடிதாங்க" என்று வரிசையில் வைத்தாள்.

அந்த விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியதெல்லாம் இடக்கைதான்.

கல்வெட்டை விரல் முட்டியால் தட்டினேன். டொக்கென்றது. குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தேன்.