ரோவருக்கு உள்ளே இடம் உண்டா?

போன வாரம் மழையைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன. மன்னிக்க வேண்டும். இந்த வாரம் ஒரு நாயைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — எனக்கு நாய் என்றால் பயம். எதிரே ஒன்று வந்தால் நல்ல வெயிலிலும் குடையை விரித்துப் பிடிக்கிற ஆள் நான். வகுப்பில் நாற்பது பையன்களை அதட்டுகிற வாத்தியார், தெருவில் ஒரு குட்டி நாய்க்கு வழிவிட்டு நிற்பதைப் பதுளையே பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட நான் நாய்க்காகப் பேசப்போகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது, இல்லையா?

பதுளை பஸாரில் சுப்பையா முதலாளியின் ஹோட்டல். சனிக்கிழமை காலையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு உளுந்து வடையும் எனக்கு அங்கேதான். நல்ல வடை. ஆனால் நாற்காலிகள்தான்... பன்னிரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஏழுக்கு நடுவில் ஓட்டை. உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

"நல்லாப் பின்னுற ஆளா ஒருத்தன் கெடைக்க மாட்டேங்கிறானே மாஸ்டர்" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது எனக்குச் சன்னாசியின் ஞாபகம் வந்தது.

சன்னாசி, தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தேயிலைச் செடியை வெட்டும்போது தெறித்த குச்சி ஒரு கண்ணைக் கெடுத்தது. மற்றது தானாகவே மங்கி, ஒரு வருஷத்தில் போய்விட்டது. இப்போது ஆறு வருஷம் ஆகிறது. யாரோ ஒரு பாதிரியார் புண்ணியத்தில் கொழும்புப் பக்கம் எட்டு மாதம் தங்கிப் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டு வந்தார். என் வீட்டுச் சாய்வு நாற்காலி அவர் கைவேலைதான். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கை இருக்கிறது. வேலையும் டவுனில் இருக்கிறது. ஆனால் டவுனுக்கு வருவது எப்படி? மனைவி லெட்சுமிதான் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அவள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இவர் ஒரு நாள் உழைப்பதற்கு அவள் ஒரு நாளை விட வேண்டும். "அந்தப் பொழப்பு வேணாங்கய்யா" என்று மனிதர் லயத்து ஒற்றையறைக் காம்பராவோடு முடங்கிவிட்டார்.

அப்போதுதான் ரோவர் வந்தது.

ரோவர் அந்தத் தோட்டத்துப் பழைய துரையின் நாய். தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். நாய், பங்களா சமையல்காரரின் பொறுப்பில் நின்றது. புதிதாக வந்த துரைக்கு நாய் ஆகாது. சமையல்காரர் அதைச் சன்னாசியின் கையில் பிடித்துக் கொடுத்தார். வெளிநாட்டில் நாய்கள் கண்ணில்லாதவர்களை நடத்திக்கொண்டு போகும் என்று சன்னாசி கொழும்பில் கேள்விப்பட்டிருந்தார். நம்முடைய நாய்க்கு மட்டும் மூளை குறைவா என்ன? ஒரு வருஷம் பழக்கினார். இப்போது படி வந்தால் நிற்கும். சாக்கடைக் கான் வந்தால் நிற்கும். லொறிச் சத்தம் கேட்டால் அவரை ஓரத்துக்குத் தள்ளும்.

ஒரே ஒரு சிக்கல் — ரோவருக்குத் தமிழ் தெரியாது. "உக்காரு" என்றால் முகத்தைப் பார்க்கும். "சிட்" என்றால்தான் உட்காரும். ஆகவே அந்தத் தோட்டத்தில் தினமும் இங்கிலீஷ் பேசுகிற ஒரே தொழிலாளி சன்னாசிதான். நாலே வார்த்தை. ஆனால் நாலும் அதிகாரமான வார்த்தைகள்.

"இந்தத் தடவ நான் தனியா ரயிலேறி வர்றேங்கய்யா. லெட்சுமி வேலைக்குப் போகட்டும்" என்று சொல்லியனுப்பினார். நானும் முதலாளியிடம், "ஆள் வருவார், கண் தெரியாது, ஆனால் கை தங்கம்" என்றேன். நாய் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. என் கணக்குகள் எப்போதும் இப்படித்தான்.

போன மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஒன்பது மணி இருக்கும். ஹோட்டல் நிறைய ஆட்கள். சன்னாசி தோளில் பிரம்புக் கட்டோடு மூன்று படியும் ஏறி உள்ளே வந்துவிட்டார். முன்னால், அவர் கையில் பிடித்த தோல் வாரின் நுனியில், ரோவர்.

நான் என்ன செய்தேன்? எழுந்து போய் வரவேற்றிருக்க வேண்டும். இரண்டு காலையும் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஏய்... ஏய்... நாய வெளிய விடு. மனுசன் சாப்புடுற எடம்" என்றார் கல்லாவில் இருந்த முதலாளி.

"நாக்காலி பின்ன வந்திருக்கேங்க. மாஸ்டர் அனுப்புனாரு."

"நீ வா. நாய வெளிய கட்டிட்டு வா."

"வெளிய கட்டிட்டு நான் எப்புடிங்க உள்ள வர்றது?"

அவ்வளவுதான், ஹோட்டலில் ஆளுக்கொரு பேச்சு. இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். இன்னொருவர், "பாவம், கண்ணில்லாத மனுசன்" என்றார். அதைச் சொல்லிக்கொண்டே தன் நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார். குசினியிலிருந்து வெயிட்டர் வெந்நீர்ச் செம்போடு வந்து நின்றான்.

வெந்நீர்! அதைக் கண்டதும்தான் எனக்குக் கால் தரைக்கு வந்தது.

"முதலாளி, அது இவருடைய கண்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க சொல்லவே இல்லையே மாஸ்டர். நாளைக்கே 'நாய் வரக்கூடாது'ன்னு ஒரு போர்டு எழுதி மாட்டப் போறேன்."

"மாட்டுங்க. யாரு படிக்கிறதுக்கு? நாயா, இவரா?"

அவர் கொஞ்சம் இறங்கினார். "சரி, பின்பக்கமா வரச் சொல்லுங்க. கொல்லையில ஒக்காந்து பின்னட்டும். நாயும் அங்கயே கெடக்கட்டும். யாரும் பாக்கப் போறதில்ல."

அந்தக் கொல்லையை எனக்குத் தெரியும். திறந்த கான், விறகுக் குவியல், எச்சில் இலை. பஸாரின் சகல தெரு நாய்களும் குடித்தனம் நடத்துவது அங்கேதான். இருந்தாலும்... வேலை கிடைக்கிறதே, ஒத்துக்கொண்டால் என்ன என்று என் வாத்தியார் புத்தி ஒரு கணம் யோசித்தது உண்மை.

சன்னாசி யோசிக்கவில்லை. "பின்பக்கமா வந்த காலமெல்லாம் போதுங்க" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் ஹோட்டல் முழுக்கக் கேட்டது.

தோட்டத்து ஆட்கள் டவுன் கடைகளில் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, தனியாக வைத்த தகரக் கோப்பையில் டீ குடித்தது ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை. எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் அப்பாவும் அப்படிக் குடித்தவர்தான்.

அவர் திரும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் ரோவர் திரும்பவில்லை. மூக்கைத் தூக்கி ஒருதரம் மோந்தது. சன்னாசியை மெல்ல இழுத்துக்கொண்டு நேரே கண்ணாடி அலுமாரியின் முன்னால் போய் நின்றது. யாரும் எதுவும் சொல்லாமலே உட்கார்ந்தது. வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது.

முதலாளி அதையே பார்த்தார். பிறகு செய்தாரே ஒரு காரியம்... கல்லாவை விட்டு விருட்டென்று எழுந்து நின்றார். கை தானாக நெஞ்சுக்குப் போய், திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டது.

"இது... அந்தப் பெரிய துரையோட நாயில்ல?"

அதேதான். துரை பதுளைக்கு வரும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கேக் வாங்க இங்கேதான் வருவார். கூடவே ரோவரும் வரும். அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. முதலாளியே அலுமாரியைத் திறந்து பிஸ்கட் எடுத்து நீட்டுவார். சும்மா இல்லை, தட்டில் வைத்து. நாய் கையைக் கொடுத்துவிட்டுத் தின்னும். எல்லோரும் சிரித்து ரசித்திருக்கிறோம். நானும்தான். தூரத்தில் நின்றுகொண்டு.

தான் யாருக்காக எழுந்து நிற்கிறோம் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அப்ப அது துரையோட வந்துச்சு" என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி.

"இப்ப என்னோட வந்திருக்குங்க" என்றார் சன்னாசி.

மூலை மேசையில் இருந்த துணிக்கடை மஜீத் நானாதான் வாயைத் திறந்தார். இவரும் எதிராகப் பேசினால் முடிந்தது கதை.

"முதலாளி, நாய் விசயத்துல எங்களுக்குத்தான் சட்டம் கூட. அதுட வாய் ஈரம் பட்டா ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண்ணும் போட்டு. ஆனா காவலுக்கு, வேலைக்கு வெச்சிருக்கிற நாய வேணாமெண்டு எங்கட ஆக்கள் சொல்றல்ல. இது வேலைக்கு வந்த நாய். என்ட சாரத்துல படாம ஒரு ஓரமா இருந்தாச் சரி." சொல்லிவிட்டுச் சாரத்தை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ரொட்டியைத் தொடர்ந்தார்.

இவ்வளவுதான் ஐயா வேண்டியது. தனக்கு எது ஆகாது என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு, மற்றவருக்கு எங்கே இடம் விடலாம் என்பதும் தெரிந்திருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள். பாப்போம்" என்றார் முதலாளி. "கொரைக்கப்படாது. மேசைகிட்ட வரப்படாது. யாரும் திங்க எதுவும் போடப்படாது." கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

வாசல் பக்கத்து மூலையில் சன்னாசி பிரம்பை ஊறவைத்து உட்கார்ந்தார். "ஸ்டே" என்றார். ரோவர் படுத்தது... படுத்ததுதான். பகல் சாப்பாட்டுக் கூட்டம் வந்தது, போனது, அது தலையைக்கூடத் தூக்கவில்லை. மேசைக்கு அடியில் எலும்பு விழுந்தும் அசையவில்லை. அந்த நேரத்தில் ஹோட்டலில் ஒழுங்காக இருந்த வாடிக்கையாளர் அது ஒன்றுதான். மூன்று மணிக்கு வெந்நீர்ச் செம்பு வெயிட்டர் தூரத்தில் நின்று "சிட்... சிட்..." என்று இங்கிலீஷ் பழகிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே படுத்திருக்கிற நாய் இதற்குமேல் என்ன செய்யும்? நாலு மணிக்கு முதலாளி ஒரு பால் டீயைத் தானே கொண்டுவந்து, உள்ளே, மேசையில், கண்ணாடிக் கிளாசில் வைத்தார். சன்னாசியின் கையைப் பிடித்துக் கிளாசைத் தொடவைத்தார்.

இடியப்பத்தை விட்டுப் போனவர் இதுவரை திரும்பி வரவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். விசர் நாய்க் கடிக்குப் பயந்த ஊர் இது. பயம் நியாயம்தான். எனக்கும் இன்னும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. நாம் நாயைப் பார்த்து முகம் சுளிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வாரின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சுளிக்கிறோம்.

சன்னாசி அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமை வந்தார். ஏழு நாற்காலியும் முடிந்துவிட்டன. போர்டு மாட்டப்படவில்லை. மஜீத் நானா தன் கடை நாற்காலி இரண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடைக்காரர், "அந்த இங்கிலீஷ் நாய்க்காரர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே விசாரிக்கிறார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மூலை கிடைத்திருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் மூன்று பேரையும் பார்த்தேன். சன்னாசி, லெட்சுமி, ரோவர். குடையை விரிக்காமலே கிட்டப் போனேன். சன்னாசி அந்தப் பக்கம் வெங்காயம் பார்க்க, லெட்சுமி என்னிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத நா தனியா வந்தாருல்லங்க... அன்னிக்கு எனக்கு முழுப் பேரு விழுந்துச்சு. ஆனா மனசு கேக்கல. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு தெமோதர ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில விட்டு எறங்கி அவரு பாட்டுக்கு நடந்தாரு. நான் கூப்புடல. பின்னாலயே வந்தேன். ஆறு வருஷமா முன்னால நடந்தவ நான். அன்னிக்கித்தான் அவரு நடக்குறதப் பின்னால நின்னு பாத்தேன். அழுகையா வந்துச்சு. அவருக்கு இது தெரியாதுங்க, சொல்லிறாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் அவள் தேங்காய் பேரம் பேசப் போன பிறகு, சன்னாசி என் பக்கம் சாய்ந்தார்.

"ஸ்டேஷன் கதையச் சொன்னாளாங்கய்யா? ரோவரு ஒடம்பு முழுக்க ஆடுச்சு, வாரு எங் கையில இருக்குல்ல. இவ வந்திருக்கான்னு அப்பவே தெரியும். திரும்பிப் பாத்து என்ன ஆகப்போவுது... நல்லா நடந்து காட்டுவோம்னு நடந்தேன்."

இரண்டு மைல். அவர் முன்னால், அவள் பின்னால், ஒரு பேச்சும் இல்லாமல் லயம் வரைக்கும் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் ரகசியத்தையும் ஒரு நாய் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறது — தமிழே தெரியாத நாய்.