சொலமன் தீவுகளும் கமீலாவின் குசினியும்

கலாநிதி அபுல் ஹஸன் கல்முனையில் பிறந்து, நிந்தவூரில் கல்யாணம் முடித்து, மனசை மட்டும் பசிபிக் கடலில் விட்டுவிட்டவர். ஊரில் சட்டம் படித்தவன் கோர்ட்டுக்குப் போவான். இவர் போகவில்லை. பசிபிக் தீவு நாடுகளின் அரசியலும் பாதுகாப்பும்தான் இவருடைய ஆராய்ச்சி. சொலமன் தீவுகளில் எந்த நாட்டுப் பொலிஸ் இறங்கலாம், வனுவாட்டுவில் யார் துறைமுகம் கட்டலாம் என்று இவர் எழுதினால், வெளிநாட்டில் நாலு பேர் வாசிப்பார்கள். நாலு என்பது மரியாதைக்குச் சொன்ன கணக்கு. அந்தப் பக்கம் இவர் போனது ஒரே தடவை, பீஜியில் மூன்று நாள் மாநாடு. ஹோட்டலை விட்டு வெளியே வரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, பேச்சில் கெட்டிக்காரர். மனைவி கமீலாவின் குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, "வந்து தங்கினவன் உரிமைக்காரன் மாதிரிக் கையெழுத்து வைக்கக் கூடாது" என்று வல்லரசுகளை வாரத்துக்கு இரண்டு தடவை உலுப்பி எடுப்பார். பக்கத்தில் கமீலா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

இப்படி இருக்கையில்தான் நோட்டீஸ் வந்தது. கடற்கரை வீதியை அகலமாக்கப் போகிறார்கள். அளவுக்கோடு குசினியின் நடுவால் போகிறது. ஆட்சேபனை இருந்தால் வீட்டின் உரிமையாளர் பதினான்கு நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"இத நான் பாத்துக்கிறன்" என்றார் அபுல் ஹஸன்.

பார்த்தார். முப்பத்தொரு பக்கம் எழுதினார். அதில் இருபது பக்கம் கிரிபாட்டித் தீவு நாடு. கடல் ஏறினால் ஒரு நாட்டின் எல்லை என்னாகும் என்றெல்லாம் இருந்தது. குசினி பதினெட்டாம் பக்கத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. கடைசியில், 'இவ்வீட்டின் உரிமையாளராகிய நான்' என்று போட்டு, பெரிதாகக் கையெழுத்து வைத்து, பதினான்காம் நாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

காணிப் பிரிவில் இருந்த ஆகிலா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள்.

"சேர், வீட்டு உறுதிப் பத்திரம் உங்கட பேர்ல இல்லியே."

எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து தங்குவார். சந்தியில் மீன் விற்கிறவனுக்கும் இது தெரியும். பத்தொன்பது வருடமாகத் தங்கியிருக்கும் சட்ட நிபுணருக்குத்தான் மறந்துபோயிற்று.

"இத எடுக்க ஏலா சேர்" என்று தாள்கட்டைத் திருப்பிக் கொடுத்தாள் ஆகிலா. "இத நம்பி இருந்தா குசினி போயிருக்கும். நல்ல வேளை, கமீலா ராத்தா மூணாம் நாளே ஒரு பக்கத்தில எழுதித் தந்துட்டா. உறுதிக் கொப்பியும் வச்சிருந்தா. நேத்து அளவுக்கோட்ட வீதிக்கு மத்தப் பக்கம் தள்ளியாச்சி."

வீட்டுக்கு வந்தபோது கமீலா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லியே" என்றார். குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் கூட.

கமீலா திரும்பிப் பார்க்கவில்லை. "வந்து தங்கினவன் கையெழுத்து வைக்கக் கூடாது எண்டு நீங்கதானே கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கிறீங்க."

மீன் சட்டியை இறக்கி வைக்க அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. அபுல் ஹஸன் மேசையிலிருந்த கணினியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இத எங்க வைக்க?" என்று கேட்டார்.