பத்துக்கு மூன்று மார்க் வாங்கிய கதாநாயகன்

எனக்கு நாவல் என்றாலே ஆகாது. அதிலும் ராஜா ராணி நாவல் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவன் குதிரையில் ஏற இரண்டு பக்கமும் இறங்க மூன்று பக்கமும் எடுத்துக்கொண்டால், படிக்கிறவளுக்கு வேறு வேலை இல்லையா? இதை ராணியம்மாவின் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "உனக்குக் கொடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார்.

ராணியம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் பத்தொன்பது வருஷமாக அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு கிளினிக்கிலிருந்து வரும். அதை வைத்து மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை கட்டுவது அவர் வேலை. அந்த மெழுகு வரிசை ஒரு டப்பாவில் கிளினிக்குக்குப் போகும். டாக்டர் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நிஜ செட் தயாராகும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நான். எங்கள் மேஜைகளில் எப்போது பார்த்தாலும் யாருடைய சிரிப்பாவது உட்கார்ந்திருக்கும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், அதன் மூடியைப் பக்கம் புரளாமல் இருக்கப் புத்தகத்தின் மேல் வைப்பார். ஒரு வாய் சோறு, ஒரு பத்தி. நடுநடுவே எனக்கு விளக்கம்.

"கவனிச்சிருக்கியா, இவங்க எல்லாருக்கும் அம்பு இடது தோள்லதான் படும். வலது தோள்ல பட்டா வாள் பிடிக்க முடியாது. கால்ல பட்டா குதிரை ஏற முடியாது. வயித்துல பட்டா கதையே முடிஞ்சுடும். எதிரி எவ்வளவு யோசிச்சு அம்பு விடுறான் பாரு."

இன்னொரு நாள், மாறுவேஷத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு முண்டாசு கட்டிட்டு வந்தா, உயிருக்குயிரா காதலிச்சவளுக்கே அடையாளம் தெரியாதாம். எங்க வீட்டுக்காரர் தெருமுனையில இருமினாலே நான் அடுப்பைப் பத்த வெச்சுடுவேன்." கோட்டைச் சுவரில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு நிலாவை வர்ணிக்கிறவன் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் இரண்டாவது நிறுத்தத்திலேயே தனக்குக் கை கடுக்கிறதே என்பார்.

எல்லாவற்றையும் மன்னிப்பார், பல்லை மட்டும் மன்னிக்கமாட்டார். எந்தக் கதாநாயகன் சிரித்தாலும் முத்துப்பல் தெரியுமே, அதுதான் அவருக்குத் தாங்காது. "முத்து நிறத்துல நான் ஒரு செட் பண்ணிக் கொடுத்தா டாக்டர் மறுநாளே திருப்பி அனுப்பிடுவார். பல்லுன்னா கொஞ்சம் பழுப்பு வேணும். ஒண்ணாவது அடுத்ததோட தோள்ல சாயணும். இவனுங்க சிரிப்பெல்லாம் நான் செஞ்ச செட் மாதிரியே இருக்கு, போ."

இத்தனை கேலி பேசுகிறவர்தான், செத்துவிட்டான் என்று எல்லாரும் நம்பிய வீரன் கடைசிப் பாகத்தில் ஆற்றைக் கடந்து வந்து நிற்கும் இடத்தில் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். இப்படி அழ எனக்கு எந்த வீரனும் இல்லையே.

ஒவ்வொரு நாவலும் முடிந்ததும் கதாநாயகனுக்கு மார்க் போடுவது அவர் வழக்கம். அதற்குத் தனியாகக் காகிதம் தேட மாட்டார். எங்கள் லேப் அச்சடித்துக் கொடுக்கும் ரோஸ் நிறச் சீட்டு ஒன்றை டாக்டர் நிரப்பி அனுப்புவார், டப்பாவுடன் அதுவும் திரும்பிப் போகும். பெயர், வயது, மேல், கீழ், நிறம், குறிப்பு என்று அதில் கட்டம் போட்டிருக்கும். அச்சடிக்கும்போது கோணலாகிப்போன வெற்றுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக வீரனை நிரப்புவார். பெயர்க் கட்டம் மட்டும் காலி. எல்லாக் கதையிலும் ஒரே ஆள்தானே வருகிறான், இவனுக்கு எதற்குப் பெயர் என்பது அவர் கட்சி. எழுதிய சீட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செருகி, வாடகை நூல்நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்துப் படிக்கிறவர்களுக்கு எச்சரிக்கையாம்.

இதுவரை யாரும் ஏழு மார்க்கைத் தாண்டியதில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவுக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கதை முடியாம மார்க் போடக் கூடாது. அவர் இன்னும் முதல் பாகத்துலயே இருக்கார்" என்றார்.

எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் தெரியும். போன வருஷம் ஒரு போர்க்கள அத்தியாயத்தில் மூழ்கிப்போய், ஒரு கீழ் வரிசையில் ஒரு பல்லைக் கூடுதலாக நட்டு அனுப்பிவிட்டார் ராணியம்மா. அன்றைக்கு முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா நீங்க வீட்ல உக்காந்து நிம்மதியா படிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த இன்னொரு தடவை வந்தது.

முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். லேபின் பாதி வேலையைக் கொடுக்கிற கிளினிக்கிலிருந்து அழைப்பு. அங்கே பெரிய டாக்டர் ஒரு மாத லீவில் போயிருந்தார், அவர் இடத்தில் புதிதாக ஒரு சின்ன டாக்டர். நேற்று நாங்கள் அனுப்பிய டப்பாவை அவர் திறந்திருக்கிறார். மேல் வரிசையில் முன்பல் ஒன்று கோணல். சரி, சீட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தால், அதில் நோயாளியையே திட்டி எழுதியிருக்கிறதாம். முதலாளி எழுதி வைத்துக்கொண்டதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"வயது: சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மேல்: முறுக்கிய மீசை. கீழ்: ஒன்றும் பிரமாதமில்லை. நிறம்: நேரத்துக்குத் தகுந்தபடி. குறிப்பு: பார்க்க லட்சணம், வாயைத் திறந்தால் பொய். மூன்று பெண்களுக்கு ஒரே வாக்குறுதி, ஒரே மோதிரம். இவனை நம்பி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம். பத்துக்கு மூன்று."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ராணியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே திரும்பிப் போய்விட்டது.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை மேஜையில் இரண்டு ரோஸ் சீட்டுகள் கிடந்திருக்கின்றன. ஒன்று வீரனுடையது, இன்னொன்று நோயாளியுடையது. வீரன் டப்பாவுக்குள் போய்விட்டான். நோயாளி புத்தகத்துக்குள் போய், அன்று மாலையே நூல்நிலையத்துக்குத் திரும்பிவிட்டார்.

"அந்தப் பல் கோணல் இல்ல சார்" என்றார் ராணியம்மா. "அந்தப் பல் அப்படித்தான் வேணும்னு நோயாளியோட சம்சாரம் பெரிய டாக்டர்கிட்ட ரகசியமா கேட்டிருந்தாங்க. கல்யாண போட்டோவைக்கூட அனுப்பி, நான் பார்த்ததும் திரும்ப வாங்கிட்டாங்க. சீட்டுல பெரிய டாக்டர் கையாலயே எழுதியிருக்கு."

"சீட்டு எங்க?"

ராணியம்மா புத்தகம் இல்லாத மேஜை மூலையைப் பார்த்தார். முதலாளி கார் சாவியை எடுத்தார். ராணியம்மாவை நேரில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கிளினிக் கைவிட்டுப் போனால் மற்றதைத் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த மற்றது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாசலில் ராணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் மெழுகு ஒட்டியிருந்தது. "எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாதுடி. மூணாவது பாகம், கடைசிப் பக்கம். ஓடிப்போய் எடுத்துட்டு வா."

ஸ்கூட்டரை விரட்டினேன். நூல்நிலையக்காரர் அந்தப் புத்தகத்தை இன்னும் அலமாரியில்கூட வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன், சீட்டு இருந்தது. உடனே ஓடியிருக்க வேண்டும். சத்தியமாக ஓடத்தான் நினைத்தேன். சீட்டை உருவும்போது பக்கத்தின் முதல் வரி கண்ணில் பட்டுத் தொலைத்தது. மூன்று பெண்களும் ஒரே மண்டபத்தில், ஒரே மாதிரி மோதிரத்தோடு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் தூணுக்குப் பின்னால். இவர்கள் எப்படி ஒன்றாக வந்து சேர்ந்தார்கள் என்று தெரிய முந்தின பக்கத்துக்குப் போனேன். அது தெரிய அதற்கும் முந்தின பக்கம்.

"எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நின்னுகிட்டே முடிச்சுடப் போறீங்களா?" என்றார் நூல்நிலையக்காரர். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போயிருந்தது. ராணியம்மாவின் பத்தொன்பது வருஷ வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கிளினிக்கில் உள் அறைக் கதவு திறந்தே இருந்தது. சாய்வு நாற்காலியில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், வாயைக் கையால் பொத்தியபடி. முறுக்கிய மீசை எல்லாம் இல்லை, மழமழவென்று சவரம் செய்த முகம். பக்கத்துத் தட்டில் எங்கள் மெழுகு வரிசை. ராணியம்மா சுவரோரம் தலைகுனிந்து நிற்க, முதலாளி சின்ன டாக்டரிடம் நான்காவதோ ஐந்தாவதோ தடவையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவரின் சம்சாரம் வாசலில் நின்றிருந்தார். 'செட் சரியில்லை, திருப்பி அனுப்புகிறோம்' என்பதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ரகசியம் என்பதால் அவரும் கணவர் எதிரில் எதையும் கேட்கவில்லை.

நான் சீட்டை நீட்டினேன். சின்ன டாக்டர் சத்தமாகவே படித்துவிட்டார். "மேல் வரிசை, வலது முன்பல் லேசாக உள்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். மனைவியின் விருப்பம். கணவரிடம் சொல்ல வேண்டாம்."

படித்து முடித்த பிறகுதான் கடைசி வரி அவருக்கு உறைத்தது. பெரியவர் மெல்லத் தலையைத் திருப்பித் தன் சம்சாரத்தைப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்கு வெட்கம் வந்தது. அந்த வயதில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை. "அந்தப் பல்லை மறைக்கத்தான் இவர் எப்பவும் வாயைப் பொத்திப்பார்" என்று டாக்டரிடம் சொன்னார். "அதைப் பாக்கறதுக்காகவே நான் ஏதாவது சிரிப்பா சொல்லிக்கிட்டே இருப்பேன். சிரிக்கும்போது கையை எடுத்துடுவார். அப்புறம் எல்லாப் பல்லும் போயிடுச்சு, அதுவும் போயிடுச்சு. புதுசு எப்படியும் வைக்கிறோம், அதையும் சேர்த்து வைக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

டாக்டர் மெழுகு வரிசையை எடுத்துப் பெரியவரின் வாயில் பொருத்தினார். பெரியவர் வாயை மூடினார். பழக்க தோஷத்தில் கை மேலே போனது. சம்சாரம் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அவர் சிரித்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரிசையில் ஒன்று மட்டும் வெட்கப்பட்டு உள்ளே ஒதுங்கி நின்றது. ஆற்றைக் கடந்து வந்த வீரர்களுக்கெல்லாம் அழுத ராணியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பிறகுதான் அந்த அம்மாவின் கண் தட்டோரம் கிடந்த இன்னொரு சீட்டில் விழுந்தது. எடுத்துப் படித்தார். பாதியிலேயே சிரிப்பு தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மூணு பொண்ணா? இவரா? என்கிட்ட ஒரு வார்த்தை பேசவே இவருக்கு ஆறு மாசம் ஆச்சு."

அது நாவலில் வரும் ஆள் என்று ராணியம்மா திக்கித் திணறி விளக்கினார். பெரியவர் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். "இது இருக்கட்டும்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்னைப் பத்தி இப்படி ஒருத்தர் எழுதினதே இல்ல. சிநேகிதங்ககிட்ட காட்டணும்."

சின்ன டாக்டரே சிரித்துவிட்டார். செட் அப்படியே இருக்கட்டும், நிஜ செட் செய்து அனுப்புங்கள் என்றார். முதலாளி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ராணியம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிட்டு வாங்க. உங்க வீரன் எல்லாம் அதுலயே இருக்கட்டும். ரோஸ் சீட்டு பக்கம் வந்தான், நான் பொல்லாதவனாயிடுவேன்." வேலை பிழைத்தது என்பதை எங்கள் முதலாளி அவர் பாணியில் அப்படித்தான் சொல்வார்.

நாங்கள் கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். "ஏம்மா, அவனுக்கு மூணு மார்க் போட்டீங்களே. எனக்கு எவ்வளவு?"

ராணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "கதை முடிஞ்சாத்தான் சார் மார்க் போடுவேன். அது என் வழக்கம்."

பெரியவர் சம்சாரத்தைப் பார்த்தார். அவர் கை இன்னும் அந்த அம்மாவின் கைக்குள்தான் இருந்தது.

"அப்ப அவசரமே இல்லம்மா" என்றார், வாயைப் பொத்தாமல். "மெதுவாவே போடுங்க."